‘வந்தால்’ என்பதில் இருக்கும் இறந்தகாலம்

ஒரு செயல் நடப்பதை மற்றொரு செயலைச் சார்ந்ததாகக் கூறும் வாக்கியத்தை நிபந்தனை வாக்கியம் என்பர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் இவ்வகை வாக்கியங்களை நாள்தோறும் எண்ணிப் பாராமலே பேசிவிடுகின்றனர்; பள்ளியில் அவற்றைக் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளோ, முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று எண்ணிட்ட அட்டவணையாக மனப்பாடம் செய்கின்றனர். அட்டவணை தேர்வுக்கு உதவும். ஆனால் அந்த வினைவடிவங்கள் ஏன் அவ்வாறு அமைந்தன என்று தெரிந்தால்தான் வாய் திறந்து பேச முடியும். அந்தக் காரணத்தைத் தேடப் பொருத்தமான இடம், தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளின் வினைகளை ஒருங்கே வைத்துப் பார்க்கக்கூடிய ஓர் எல்லைப்புறம்தான்.

திருவனந்தபுரம் மாவட்டத்து ஒற்றசேகரமங்கலமும், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகியவற்றைச் சூழ்ந்த ஊர்களும் அத்தகைய எல்லைப்புறத்தில் உள்ளவை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டமும் தமிழ்ப் பகுதியோடு சேர வேண்டும் என்ற கோரிக்கை இருந்தபோதிலும் அது கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு களியக்காவிளையில் விழுந்தது. கோட்டுக்கு இப்பால் தமிழில் ‘வந்தா’ என்று பேசப்படுவது அப்பால் மலையாளத்தில் ‘வந்நா’ என்றாகிறது. எழுத்தில் நிற்கும் இறுதி லகரம் இரு மொழிப் பேச்சிலும் நழுவிவிடுகிறது.

தமிழ் இலக்கணம், ‘வந்தால்’ போல முற்றுப்பெறாமல் மற்றொரு வினையை எதிர்நோக்கி நிற்கும் சொல்லை வினையெச்சம் என்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்பதை எதிர்காலத்துக்கு உரியதாக வைக்கிறது. இக்காலத் தமிழின் ‘செய்தால்’ செய்யும் வேலையை அக்காலத்தில் அந்தச் ‘செயின்’ செய்தது. மலையாளத்தில் ஏ. ஆர். ராஜராஜ வர்மா 1896இல் வெளியிட்ட கேரளபாணினீயம் இந்த நிபந்தனை வடிவத்தைப் பாக்ஷிக வினையெச்சம் என்று தனிவகையாக்கியது. ஒரு பக்கத்துக்கு இடம் வைத்துப் பேசுவது என்பது அப்பெயரின் கருத்து.

ஊன்றிக் கவனிக்க வேண்டியது ‘வந்தால்’ என்ற சொல்லின் உள்ளமைப்பு. ‘நாளை அவர் வந்தால்’ என்னும்போது வரவு இன்னும் நிகழவில்லை. ஆயினும் அச்சொல்லில் ‘வந்தான்’, ‘வந்தது’ என்பவற்றில் காணும் அதே இறந்தகால வடிவம்தான் இருக்கிறது, அதன்மேல் ‘ஆல்’ சேர்ந்திருக்கிறது. நிகழாத ஒன்றை நிகழ்ந்துவிட்டதாக ஒரு கணம் வைத்துக்கொண்டு, அதற்கு அப்பால் நடப்பதைப் பேசும் முறை இது. ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்பதை அடுத்து, எதிரே இருக்கும் காரியத்துக்கும் ‘கேம்’, ‘ரெயின்ட்’ என இறந்தகால வினை வருவதைக் கண்டு மாணவர் மலைப்பதுண்டு. அங்கே இறந்தகாலம் நேற்றைக் குறிக்கவில்லை, உண்மையிலிருந்து உள்ள தொலைவைக் குறிக்கிறது என்று ஆசிரியர் விளக்கும்போது, ‘வந்தால்’ என்ற சொல்லையே கரும்பலகையில் பிரித்து எழுதிக் காட்டினால் பாதி மலைப்பு அகன்றுவிடும்.

மறுபாதி உண்மையான வேறுபாட்டிலிருந்து வருகிறது. ரப்பர்த் தோட்டங்கள் மிகுந்த இப்பகுதியில் விடியற்காலை மழை பால்வெட்டை நிறுத்திவிடும். ‘மழை பெய்தால் வெட்டு நடக்காது’ என்ற தமிழ் வாக்கியம் கருமேகம் திரண்ட ஆனி மாதத்துக்கும் பொருந்தும். மழைக்கு வழியே இல்லாத கோடை நாளில் சும்மா எண்ணிப் பார்ப்பதற்கும் பொருந்தும். ஆங்கிலம் இவ்விரண்டையும் ஒரே வினையால் சொல்ல விடாது: மழைக்கு வாய்ப்பு இருந்தால் ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்று நிகழ்கால வினையும் விளைவுப் பகுதியில் ‘வில்’ என்பதும் வரும், வாய்ப்பு தொலைவானால் ‘இஃப் இட் ரெயின்ட்’ என்பதும் விளைவில் ‘வுட்’ என்பதும் வரும். பேசுபவர் தம் எதிர்பார்ப்பின் அளவை வினையிலேயே வெளியிட்டுவிட வேண்டும் என்பது ஆங்கிலத்தின் கட்டாயம். தமிழ் அதைச் சூழலிடமும் குரலிடமும் விட்டுவிடுகிறது. தமிழர் ஆங்கிலத்தில் இவ்விடத்தில் தடுமாறுவதை அறிவுக்குறையாகக் கருதுவது அநீதி. தம் மொழி கேளாத கேள்விக்கு அவர்கள் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

கடந்துபோன வாய்ப்பைப் பேசும்போது மூன்று மொழிகளும் நெருங்கி வருகின்றன. எடுத்துக்காட்டாக, நெய்யாறு இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கும் நீர் கொண்டுசென்றது. 2004 முதல் கேரளம் அந்த நீரை நிறுத்திவிட்டது. அதை எண்ணும் உழவர் ‘தண்ணீர் வந்திருந்தால் நெல் விளைந்திருக்கும்’ என்பார். நிபந்தனை, விளைவு ஆகிய இரண்டிலும் ‘இரு’ என்ற துணைவினை ஏறுகிறது. ஆங்கிலம் நிபந்தனையில் ‘ஹேட்’ என்பதையும் விளைவில் ‘வுட் ஹேவ்’ என்பதையும் ஏற்றுகிறது. மலையாளமோ ‘வெள்ளம் வந்நிருந்நெங்கில் நெல்லு விளையுமாயிருந்நு’ என்று விளைவின் எதிர்கால வினைக்குப் பின்னால் ‘ஆயிருந்நு’ என்ற இறந்தகாலத்தை ஒட்டுகிறது. ‘வுட்’ என்பதும் ‘வில்’ என்பதன் இறந்தகால வடிவமே ஆதலால், எதிர்காலமும் இறந்தகாலமும் ஒன்றாய்ப் பிணைந்த இந்த மலையாள அமைப்பு, தமிழைக் காட்டிலும் ஆங்கிலத்துக்கு அருகில் நிற்கிறது. எல்லைப்புறப் பள்ளிகளின் ஆங்கில வகுப்பில் பயன்படுத்தத் தக்க செல்வம் இது. 

‘இஃப்’ என்பதை அடுத்து ‘வில்’ வரலாகாது என்ற புகழ்பெற்ற விதியைத் தமிழ்ப் பிள்ளை ஒருவகையில் பிறப்பிலேயே அறிந்திருக்கிறது. ‘நாளை’ என்று தொடங்கினாலும் ‘வந்தால்’ என்றே அது முடிக்கும், எதிர்கால வினைமேல் ‘ஆல்’ ஏற்றாது. ஆனால் மலையாளத்தில் ‘வருமெங்கில்’ என்ற வடிவமும் உண்டு. தமிழிலும் ‘வருவாரானால்’, ‘வருவதென்றால்’ என எதிர்காலம் நுழைய வழியிருக்கிறது. அந்த வழியாக நினைப்பவரின் ஆங்கிலத்தில் ‘இஃப் ஹி வில் கம்’ என்று விழுந்துவிடக்கூடும். ஆங்கிலத்தில் அங்கே ‘வில்’ வந்தால் பெரும்பாலும் காலத்தைக் குறிக்காமல் மன இசைவைக் குறிக்கும். ‘சற்றுக் காத்திருக்க இசைவீர்களானால்’ என்ற பொருளுள்ள பணிவுச் சொல்லில் அது முறையாகவே வரும்.

இப்பணிவு நிபந்தனை வினைகளின் மற்றொரு பெரும் பயன்பாடு. ஆங்கிலேயர் கடையில் ஒரு பொருளைக் கேட்கும்போது ‘வேண்டும்’ என்று நேராகச் சொல்லாமல் ‘வுட்’ சேர்த்து விருப்பத்தைச் சற்றுத் தள்ளிவைக்கின்றனர். தமிழர் ‘சொன்னால் நன்றாக இருக்கும்’ என்று விளைவைப் புகழ்ந்து வேண்டுகோளை நிபந்தனைக்குள் வைக்கின்றனர். மலையாளத்தில் ‘பறஞ்ஞால் கொள்ளாம்’ என்பது வேண்டுகோள். ‘பறஞ்ஞால் கொள்ளாமாயிருந்நு’ என்று இறந்தகாலம் ஏறும்போது அதே வேண்டுகோள் இன்னும் தணிந்து, மறுப்பவருக்கும் சங்கடம் இல்லாதபடி இடம் விட்டு நிற்கிறது. ‘வில்’ என்பதை ‘வுட்’ ஆக்கும்போது ஆங்கிலமும் இதே வேலையைத்தான் செய்கிறது.