லயத்துக் கதவுவரை எட்டும் எச்சரிக்கை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் ஒரு மண்சரிவு எச்சரிக்கை மழைமானியில் தொடங்குகிறது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் உறங்கும் குடும்பம் எழுந்து, பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அது முடிகிறது. மழையை அளப்பது, அபாயத்தைத் தீர்மானிப்பது, செய்தியை எழுதுவது, அனுப்புவது, அது காதில் விழுவது, விளங்குவது, ஆட்கள் எழுந்து நடப்பது என்று இடையில் பல படிகள் உள்ளன. ஒரு படி தவறினாலும் அதற்கு முன் செய்தது அத்தனையும் வீண். கைபேசிக்கு உடனடி எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளை ஆக்குவோர், செய்தி புறப்பட்டதும் வேலை முடிந்தது என்று எண்ணுவது வழக்கம். தோட்டங்களில் உயிர் பிழைப்பது அதற்குப் பிந்திய படிகளில்தான்.

இந்த இரு மாவட்டங்களும் சேர்ந்த சப்ரகமுவவின் மலைச்சரிவுகள் தென்மேற்குப் பருவமழையை நேரே வாங்குபவை. 2003 மே மாத மழையில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தோடு மண்சரிவையும் கண்டது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மண்ணுக்குள் புதைந்தனர். அதே நாளில் புலத்கொஹுபிட்டியப் பகுதியின் களுபஹன தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பின் மீதும் மலை இறங்கியது. மறு வருடம் மே மாதம் இரத்தினபுரி மீண்டும் அடிபட்டது. பல லயங்கள் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் வரிசையாக நிற்கின்றன. பின்னால் மண் சுவர், முன்னால் பள்ளம். வடிகான்கள் தூர்ந்துபோன இடங்களில் மழைநீர் வழிந்தோட வழியின்றி மண்ணுக்குள் இறங்குகிறது. ஊறிய மண் கனத்து, துகள்களுக்கிடையே நீரழுத்தம் கூடி, பிடிப்பு விடும்போது சரிவு தொடங்குகிறது.

இலங்கையில் மண்சரிவு அபாயத்தைக் கணிக்கும் பொறுப்பு 1984இல் தொடங்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துடையது. எச்சரிக்கையை மக்களிடம் கொண்டுசேர்ப்பது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பணி. சுனாமிக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது உருவானது. கணிப்புக்கு அடிப்படை மழையின் அளவு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் மஞ்சள் நிலை: விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டரில் செம்மஞ்சள்: வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் கொட்டினாலோ சிவப்பு: வெளியேற வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் ‘உடனடி’ என்பதற்கு உண்மையான பொருள் தருகிறது. காலை எட்டரைக்கு ஒருமுறை வாசித்துக் குறிக்கும் மழைமானியால் ஒரு மணித்தியாலக் கொட்டலைப் பிடிக்க முடியாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே அளவை அனுப்பும் மானி வேண்டும். ஒரு மானியிலிருந்து அளவு வருவது நின்றுபோனால் மழை இல்லை என்று கணினி எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவி பேசவில்லை என்று காட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதும் மென்பொருள், மிக மோசமான மழை கருவியை அடித்துச் சென்ற வேளையில், எல்லாம் நலம் என்று சொல்லும்.

செய்தி செல்லும் வழிகளில் மூன்று முக்கியமானவை. முதலாவது கைபேசிச் செயலி. படமும் வரைபடமும் காட்டக்கூடியது. ஆனால் இணைய வசதி தீர்ந்தாலோ, மின்கலத்தைச் சேமிக்க போன் அதை உறங்க வைத்தாலோ ஊமையாகிவிடும். இரண்டாவது குறுஞ்செய்தி. பட்டன் போனிலும் வரும். ஆனால் இலக்கம் இலக்கமாகத்தான் போகும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முனையும் அனர்த்த வேளையில் வரிசையில் நின்றுவிடும். மூன்றாவது கோபுர ஒலிபரப்பு. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும், அந்த வசதி கொண்ட எல்லாப் போன்களுக்கும் ஒரே வீச்சில் போகும். யாருடைய இலக்கமும் தெரிந்திருக்கத் தேவையில்லை. மௌனத்தில் வைத்த போனையும் தனி ஒலியால் அலற வைக்க இதில் முடியும். இலங்கையில் இந்த எண்ணம் புதிதல்ல. டயலொக் நிறுவனம், மொரட்டுவைப் பல்கலைக்கழகம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் முதலியன சேர்ந்து, குறுஞ்செய்தியையும் கோபுர ஒலிபரப்பையும் இணைத்த அவசர எச்சரிக்கை வலையமைப்பு ஒன்றை 2009இலேயே தொடங்கின. எந்த ஒரு வழியையும் தனித்து நம்பாமல், சிவப்பு நிலையில் மூன்றையும் ஒருசேரப் பயன்படுத்துவதே சரியான வடிவமைப்பு. சமிக்ஞை எட்டாத பள்ளத்து லயங்களுக்குக் கோயில் ஒலிபெருக்கியும், தோட்டத்துச் சங்கும், வானொலியும் நான்காம் வழி.

அடுத்தது எழுத்து. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 குறிகள் கொள்ளும். தமிழில் 70 மட்டுமே. அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். ‘மண்சரிவு’ என்பது வாசிப்பவருக்கு 5 எழுத்து, கணினிக்கு 8 குறி. ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே தமிழாக்கி அனுப்பினால் அது மூன்று நான்கு துண்டுகளாகும். நெரிசலில் ஒரு துண்டு முந்தும், ஒன்று பிந்தும். எனவே தமிழ்ச் செய்தி தமிழிலேயே பிறக்க வேண்டும். ‘மண்சரிவு. சிவப்பு. தெரணியகலை. இப்போதே வெளியேறுங்கள். நாளை மாலை 4 வரை.’ இது இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 69 குறி. ஒரே துண்டில் அடங்கும். எங்கே போவது என்பதை அடுத்த செய்தி சொல்லலாம். ஊரின் பெயர் இங்கே வேற்றுமை உருபு ஏற்காமல் தனியே நிற்பதைக் கவனிக்க வேண்டும். யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, எலபாத்த என்று எந்தப் பெயரைப் பொருத்தினாலும் இலக்கணம் உடையாது. நள்ளிரவில் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியதும் இல்லை.

இதன் அவசியத்தை 2025 நவம்பர் இறுதியில் நாடு வலியோடு உணர்ந்தது. டித்வா புயலின் மழையிலும் மண்சரிவிலும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. அந்த உரிமைக்கு மலையடிவாரத்தில் நிமிடக் கணக்கில் விலை உண்டு. உலகெங்கும் எச்சரிக்கை மென்பொருள்கள் பின்பற்றும் பொது வரையறை, ஒரே செய்திக்குள் பல மொழிகளுக்கு இடம் வைத்திருக்கிறது. தமிழ்ப் பகுதி வெற்றாக இருந்தால் ‘அனுப்பு’ பொத்தான் இயங்கவே கூடாது என்று அமைப்பது கடினமான வேலையல்ல.

இடப்பெயரிலும் சிக்கல் உண்டு. எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வருகிறது. தோட்டத்து மக்கள் தம் இருப்பிடத்தைத் தோட்டத்தின் பெயராலும், மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்றுமே அறிவார்கள். பிரதேச செயலகத்தின் பெயரைக் கேட்டவர், அது தம் லயத்துக்கும் பொருந்துமா என்று தயங்கி நிற்பார். ஒவ்வொரு தோட்டப் பிரிவும் எந்தச் செயலகப் பிரிவுக்குள், எந்த அபாய வலயத்துக்குள் வருகிறது என்ற பட்டியல் மென்பொருளுக்குள் இருந்தால் அந்தத் தயக்கம் நீங்கும்.

மூன்று நிலைகளும் ஒரே மாதிரி ஒலிக்கக் கூடாது. மஞ்சள் ஓசையின்றி வரலாம். செம்மஞ்சள் வழமையான மணியோடு வரலாம். அபாய ஒலி சிவப்புக்கு மட்டுமே உரியது. மழைக்காலத்தில் நாள்தோறும் அலறும் போனை மக்கள் மூன்றாம் நாளே அடக்கிவிடுவார்கள். நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கு வீணாக வெளியேறும் ஒவ்வொரு நாளும் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழக்கும் நாள். ஆகவே தவறான எச்சரிக்கையின் செலவை முதலில் சுமப்பவர் அவரே. வெளியேறச் சொல்லும் நாளின் சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்பதைத் தோட்ட நிர்வாகமும் அரசும் முன்கூட்டியே தீர்த்து வைக்காவிட்டால், எந்தச் செயலியும் அவரை நகர்த்தாது.

அனுப்பும் திரையும் கவனத்தோடு அமைய வேண்டியது. 2018 ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில், பயிற்சி ஒன்றை உண்மைத் தாக்குதல் என்று நம்பிய ஊழியர் ஏவுகணை எச்சரிக்கையை மக்கள் அனைவருக்கும் அனுப்பிவிட்டார். இன்னொருவரின் ஒப்புதல் இன்றியே அவரால் அனுப்ப முடிந்தது. மறுப்புச் செய்தியும் ஆயத்தமாக இருக்கவில்லை. அது பொய் எச்சரிக்கை என்று போன்களுக்குச் சொல்ல 38 நிமிடங்கள் ஆயின. பயிற்சிக்கும் உண்மைக்கும் வேறு வேறு திரை, இருவர் ஒப்புதல், முன்பே எழுதி வைத்த இரத்துச் செய்தி ஆகிய மூன்றும் அந்தக் காலையின் பாடங்கள்.

இரத்துச் செய்தி மழை விட்டவுடன் போகவும் கூடாது. மழை ஓய்ந்து பல மணித்தியாலம் கழித்தும் ஊறிய மண் இறங்கும். வானம் வெளுத்ததும் சமையல் பாத்திரங்களை எடுக்க லயத்துக்குத் திரும்புவது உயிருக்கே ஆபத்து. எச்சரிக்கை எப்போது முடிகிறது என்ற நேரம் முதற் செய்தியிலேயே இருக்க வேண்டும். நீடித்தால் புதிய நேரத்தோடு மறுபடி வர வேண்டும்.

செய்தி போனை அடைந்ததைக் கணினி அறியும். ஆட்கள் வெளியேறினார்களா என்பதை அறியாது. அதைச் சொல்ல ஒவ்வொரு லயத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்று, கிராம உத்தியோகத்தருக்குத் தலைக்கணக்கு கொடுக்க வேண்டும். பெரட்டுக்களத்தில் ஆளெண்ணிப் பழகிய தோட்டத்துக்கு இது புதிய வேலையல்ல. மே மாத மழைக்கு முன்பே ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் வெளியேறித் தலைக்கணக்கு எடுக்கும் ஒத்திகையைத் தமிழில் ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும். லயத்தின் பின்சுவரில் புதிய வெடிப்போ, சரிவில் திடீரெனச் சேற்று ஊற்றோ கண்டால், செய்தி வரும்வரை காத்திராமல் அங்கிருந்து விலகி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற அவசர இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்.