வாழையடி வாழை



தம்பின் வட்டாரத்தில் தோட்டப் பள்ளியொன்றில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியன் நான். சில ஆண்டுகளுக்கு முன், பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு தந்தை வந்தார். காலைப் பால்வெட்டை முடித்துக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகனின் தேர்ச்சி அட்டையைக் கொடுத்தேன். அறிவியலில் மதிப்பெண் மிகக் குறைவு. அவர் கோபப்படவில்லை. "விடுங்க சார், நாங்க வாழையடி வாழையா பால்மரம் வெட்டுற குடும்பம். ரத்தத்துல இருக்கறதுதானே வரும்?" என்றார். பையன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. அந்தப் பதிலை இன்று சொல்லப் போகிறேன். அதற்கு முதலில் ஒரு வாழைப்பழம் வேண்டும்.

மரம், செடி, மாடு, மனிதன் எல்லாம் 'செல்' என்னும் மிகச் சிறிய அறைகளால் ஆனவை. செல்லுக்குள் டி.என்.ஏ. என்ற பொருள் இருக்கிறது. முறுக்கிவிட்ட நூலேணி போன்ற வடிவம் அதற்கு. எப்படி வளர வேண்டும் என்ற குறிப்பு அதில் எழுதப்பட்டிருக்கிறது. மனிதனின் ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும்.

இதை முதலில் பிரித்தெடுத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டவரான பிரீட்ரிக் மீஷர். ஆண்டு 1869. மருத்துவமனையில் கழித்துப் போட்ட, சீழ் படிந்த கட்டுத் துணிகளிலிருந்து எடுத்தார். அவர் வேலை செய்த இடம் எது தெரியுமா? ஜெர்மனியில் ஒரு பழைய கோட்டையின் சமையற்கட்டு! ஆகவே, தாய்மார்களே, நம் அடுப்படியிலும் இது நடக்கும்.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தேவையானவை: நன்கு பழுத்த வாழைப்பழம் பாதி, அரைக் கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு தேக்கரண்டி, வடிகட்ட மெல்லிய துணி, ஒரு சாத்தே குச்சி, மருந்துக் கடையில் விற்கும் ஸ்பிரிட். ஸ்பிரிட் போத்தலில் 70 விழுக்காடு என்று போட்டிருந்தாலும் போதும். 90க்கு மேல் இருந்தால் நூல் நன்றாகத் திரளும். சம்சு இதற்குப் பயன்படாது. அது எதற்குத்தான் பயன்பட்டது!

ஸ்பிரிட்டை முன்னதாகவே பனிப்பெட்டியில் குளிர வையுங்கள். அது சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். அடுப்பு அணைந்திருக்க வேண்டும். ஊற்றுவது பெரியவர் கையாக இருக்க வேண்டும். எதையும் வாயில் வைக்கக் கூடாது.

பழத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பிள்ளையை நசுக்கச் சொல்லுங்கள். உப்பையும் சோப்பையும் தண்ணீரில் கரைத்துப் பழத்தோடு சேருங்கள். நுரை வராமல் மெதுவாகக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு துணியில் வடிகட்டி, அந்த நீரை ஒரு கண்ணாடிக் கிளாசில் பிடியுங்கள். கிளாசைச் சற்றுச் சாய்த்து, குளிர்ந்த ஸ்பிரிட்டை அதே அளவுக்குச் சுவரோரமாக, மிக மெதுவாக ஊற்றுங்கள். ஸ்பிரிட் மேலே தனியாக நிற்க வேண்டும். நான் முதல் முறை செய்தபோது அவசரப்பட்டு மடமடவென்று ஊற்றிவிட்டேன். குளிரவும் வைக்கவில்லை. ஒன்றும் வரவில்லை, பிள்ளைகள் சிரித்தார்கள்.

பொறுமையாக ஊற்றினால், சில நிமிடங்களில் இரண்டு நீரும் சேரும் இடத்தில் பஞ்சுபோல வெள்ளை நூல்கள் எழும்பும். சாத்தே குச்சியில் சுற்றி எடுக்கலாம். அதில்தான் வாழையின் டி.என்.ஏ. இருக்கிறது. பழத்தின் வேறு சில பொருள்களும் அதோடு ஒட்டியிருக்கும். சுத்தமாகப் பிரிக்க ஆய்வுக்கூடம் வேண்டும். அதையும் மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? செல்லைச் சுற்றியுள்ள தோலில் கொழுப்பு உண்டு. எண்ணெய்ச் சட்டியில் சோப்பு செய்யும் வேலையை இங்கும் செய்து, அந்தத் தோலை உடைக்கிறது. உப்பு, டி.என்.ஏ. இழைகள் ஒன்றோடொன்று சேர உதவுகிறது. தண்ணீரில் கரையும் டி.என்.ஏ. ஸ்பிரிட்டில் கரையாது. அதனால் வெளியே வந்து திரள்கிறது.

இப்போது அந்தத் தந்தையின் சொல்லுக்கு வருவோம். வாழையடி வாழை என்றார். நாம் உண்ணும் வாழையை விதை போட்டா வளர்க்கிறோம்? அடியில் வரும் கன்றைப் பெயர்த்து நடுகிறோம். தாய் மரத்தின் டி.என்.ஏ. அப்படியே கன்றில் இருக்கிறது. வாழைக்கு அந்தப் பழமொழி சரி.

அடுத்து, ஒரு செம்பனைப் பழத்தை எடுங்கள். கத்தி பிடிக்கும் வேலை பெரியவருடையது. குறுக்கே வெட்டிப் பாருங்கள். நம் தோட்டங்களில் பெரும்பாலும் நட்டிருக்கும் 'தெனெரா' வகையில் கொட்டையின் ஓடு மெல்லியது. தடித்த ஓடுள்ள 'டூரா'வையும் ஓடே இல்லாத 'பிசிபெரா'வையும் கலந்து பெற்ற வகை அது. ஓடு மெலிந்தால் சதை கூடும், எண்ணெய் கூடும். ஆனால் தெனெரா மரங்களுக்கடியில் உதிர்ந்த பழத்தின் விதையை முளைக்க வைத்தால் எல்லாம் தெனெராவாக வராது. நான்கில் ஏறக்குறைய இரண்டு தெனெரா, ஒன்று டூரா, ஒன்று பிசிபெரா என்று பிரியும். பிசிபெராவின் குலைகள் பெரும்பாலும் பழுக்காமலே வீணாகும். உதிர்ந்த விதையை நம்பிச் சொந்த நிலத்தில் நட்டவர், காய்க்கும்வரை சில ஆண்டுகள் காத்திருந்த பிறகே ஏமாற்றத்தை அறிவார். இந்த ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவை மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய அறிவியலாளர்களும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து கண்டுபிடித்து 2013ஆம் ஆண்டு அறிவித்தார்கள். நாற்றின் இலையைச் சோதித்தே வகையைச் சொல்லும் வழி அதனால் பிறந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? விதையில் பிறப்பது தாயின் நகல் அல்ல. நம் பிள்ளைகளும் அப்படித்தான். தாயிடமிருந்து 23 குரோமோசோம், தந்தையிடமிருந்து 23; இரண்டும் கலந்து வரும் 46. ஒவ்வொரு பிள்ளைக்கும் கலவை வேறு. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி இல்லையே!

மூன்றாவது, நம் பால்மரம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற பெயர் உங்களில் பலருக்குத் தெரியும். 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய வகை அது. ஒரே தாய் மரத்து மொட்டை ஒட்டுக்கட்டி வளர்ப்பதால், நாம் பால் வெட்டும் பட்டையின் டி.என்.ஏ. எல்லா மரத்திலும் ஒன்றுதான். ஆனால் எல்லா மரமும் ஒரே அளவு பால் தருகிறதா? உரம் போட்ட மரம் ஒருவிதம், புல் மண்டிய மரம் ஒருவிதம். பழகாத கை ஆழமாக வெட்டிக் காயப்படுத்தினால், பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்கிறது. அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே நீங்கள்தாம்.

பெற்றோர்களே, இரத்த வகையும் கண்ணின் நிறமும் டி.என்.ஏ. வழி வருகின்றன. சில நோய்களும் வருகின்றன. படிப்பில் பிறவிக்கும் ஒரு பங்கு உண்டு. இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பால் வெட்டும் கத்தி அதில் எழுதப்படவில்லை. லயத்து வீடும் எழுதப்படவில்லை. நம் பாட்டன்மார் பால்மரம் வெட்ட வந்தது கப்பலில்; இரத்தத்தில் அல்ல. காலையில் சாப்பிட்ட வயிறு, கேள்வி கேட்டால் அதட்டாத வீடு, படிக்க ஒரு மூலை, இவையே பிள்ளைக்கு நாம் போடும் உரம். "உனக்கு இதெல்லாம் ஏறாது" என்ற சொல், ஆழமாகப் பாய்ந்த வெட்டு. அந்த இடத்தில் பட்டை சரியாக வளர வெகுநாளாகும்.

அந்தப் பையன் இந்தப் பரிசோதனையைப் பிறகு வகுப்பில் செய்தான். ஒரே நாளில் அவன் மதிப்பெண் ஏறிவிட்டது என்று கதை கட்டமாட்டேன். "சார், என்கிட்டேயும் இந்த நூல் இருக்கா?" என்று கேட்டான். "இருக்கிறது. உன்னுடையது போல இன்னொருவரிடம் இல்லை" என்றேன். அந்த வெள்ளை நூலைச் சின்னப் போத்தலில் போட்டு, அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று வீட்டுக்கு எடுத்துப் போனான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் அடுப்படியில் இதைச் செய்து பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பக்கத்தில் உட்காரலாம். பார்க்கக் கண் இருந்தால் போதும். பிள்ளை ஏன் என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை அவன் கையில் எழுதிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.