வளரும் என்பும் குளிசையும்



மனித உடலிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு என்புகளிலும் பற்களிலுமே தங்கியிருக்கின்றது. என்பு உயிரற்ற தூணன்று. நாள்தோறும் கரைந்தும் மீண்டும் கட்டப்பட்டும் வருகின்ற உயிர்ப்பொருள் அது. இளமையில் கரைவதினும் கட்டப்படுவதே மிகுதி. பிள்ளைகள் விரைந்து உயரும் இரண்டு ஆண்டுகளில் மாத்திரம், வளர்ந்தவரின் என்பிலுள்ள கல்சியத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு சேர்ந்துவிடுகின்றது. பெண்பிள்ளைகளுக்கு 12 வயதையும், ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதையும் ஒட்டி இக்காலம் வருகின்றது. முதுமையில் இடறி விழும் பாட்டியின் இடுப்பென்பு முறிவதற்கும், அவர் பாவாடை அணிந்து பள்ளிக்கூடம் சென்ற நாளின் உணவுக்கும் தொடர்புண்டு.

இதனை அறிந்த பெற்றோர் மருந்துக்கடையை நாடுவது இயல்பே. எனினும், குளிசையின் பயன் எவ்வளவு என்பதை ஆய்வாளர் அளந்து பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவில் நடந்து 1992 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒத்த இரட்டையர் 45 சோடியினர் மூன்று ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். ஒருவர் கல்சியக் குளிசையும், மற்றவர் மருந்தில்லாக் குளிசையும் உண்டனர். பருவமெய்தாத பிள்ளைகளில், கல்சியம் உண்டவரின் என்பு சற்றே அடர்ந்திருந்தது. பருவ மாற்றம் கண்டோரிடையே பயன் புலப்படவில்லை. 2006 ஆம் ஆண்டில் 19 ஆய்வுகள் ஒருங்கே ஆராயப்பட்டபோது, கையென்பில் சிறிய நன்மை தெரிந்தது. இடுப்பிலும் முள்ளந்தண்டிலும் தெரியவில்லை. போதிய உணவு உண்ணும் பிள்ளைக்குக் குளிசை பெரிதாக எதனையும் கூட்டுவதில்லை என்பதே இவற்றின் சாரம்.

கல்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு விற்றமின் டீ வேண்டும். தோலில் வெயில் படும்போது அது உடலிலேயே உண்டாகின்றது. 1919 ஆம் ஆண்டில் பேர்லின் நகர மருத்துவர் குல்ட்சின்ஸ்கி, என்பு வளைந்த குழந்தைகளைப் புறஊதா விளக்கொளியினாலேயே குணப்படுத்திக் காட்டினார். ஆயினும் வெயில் மிகுந்த நாட்டிலும் இக்குறைபாடு உண்டு. காலை முதல் மாலை வரை வகுப்பறையிலும், பின்னர் தனியார் வகுப்பிலும் அடைபட்டிருக்கும் பிள்ளைக்கு வெயில் எங்ஙனம் கிட்டும்? பருவமடைந்ததும் முற்றத்து விளையாட்டை இழக்கும் பெண்பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவள் வெயிலை மாத்திரமன்றி, ஓட்டத்தையும் துள்ளலையும் சேர்த்தே இழக்கின்றாள். பாரம் தாங்கி உழைக்கும் என்பே வலுப்பெறும்.

9 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் கல்சியம் வேண்டுமென அமெரிக்க அறிஞர் குழு 2010 ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் உண்டு. பால், தயிர், எள்ளு, முருங்கையிலை, முள்ளோடு உண்ணும் நெத்தலி ஆகியனவும் கைகொடுக்கும். பிட்டும் நெத்தலிக் குழம்பும் எளியவர் வீட்டிலும் இயலாதன அல்ல.

அங்ஙனமாயின் குளிசை வேண்டாத பொருளா? அன்று. பால் ஒவ்வாத பிள்ளைக்கும், குடல்நோயால் சத்தை உறிஞ்ச இயலாத பிள்ளைக்கும், குருதிப் பரிசோதனையில் விற்றமின் டீ குறைந்த பிள்ளைக்கும் அது தேவைப்படலாம். அதனை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். அளவு மிஞ்சிய கல்சியம் சிறுநீரகத்தில் கல்லாகவும் கூடும். ஏனைய பிள்ளைகளுக்கு, குளிசைக்குச் செலவாகும் பணம் குரக்கனுக்கும் மீனுக்கும் செலவாகட்டும். மாலையில் ஒரு மணி நேரமாவது அவர்கள் மைதானத்தில் ஓடட்டும். தவறவிட்ட பாடத்தை மறுவருடம் படித்துக்கொள்ளலாம். என்பு வளரும் அந்தச் சில ஆண்டுகளோ மீண்டும் வருவதில்லை.