எழுதியதை எங்கே அனுப்புவது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணி, இளைஞர் அணி ஆகியோரின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், ஈ.பி.எப்., வீடு, காணி என்று பேச எவ்வளவோ இருக்கும் கூட்டத்தில், கதை கவிதைப் போட்டிகளைப் பற்றிப் பேச எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். பின்வரிசையில் ஓர் அண்ணன், "இதெல்லாம் சங்கத்து வேலைங்களா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் நுழைந்து நம் பூட்டன்மாரின் நிலையைப் பார்த்தவர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கென்று அவர் சம்மேளனம் அமைத்தது 1931இல். அதற்கு முன்பே, 1924இல், 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். முதலில் பத்திரிகை, அதன் பிறகுதான் சம்மேளனம். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் எழுதிப் பாடிய பாட்டுகள் 1940இல் சிறு புத்தகமாக வந்தன. சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர், தொழிற்சங்கத் தலைவர். கவிதையும் நாவலும் எழுதியவரும் அவர்தான். எனவே அண்ணனுக்கு என் பதில்: ஆமாம், சங்கத்து வேலைதான். நடுவில் நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

சி.வி. நம் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் புத்தகமாக வந்தது. அதில் பாட்டு இருக்கிறது, அதை முதலில் கட்டிப் பாடிய பெண்ணின் பெயர் இல்லை. சி.வி.யைக் குறை சொல்லவில்லை. அவர் எழுதி வைத்திராவிட்டால் பாட்டும் போயிருக்கும். ஆனால் இன்று எழுதுகிற பிள்ளைக்கும் அப்படி ஆகவேண்டுமா? இப்போது நமக்கு எழுத்துத் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும்.

1960களில் நடந்த ஒரு காரியத்தை இளைஞர் அணி கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் சேர்ந்து மலையகத்துக்கென்றே சிறுகதைப் போட்டி நடத்தின. வீரகேசரியில் இருந்த எஸ்.எம். கார்மேகம் இதில் முன்னின்று உழைத்தார். ஒன்றல்ல, நான்கு போட்டிகள். பரிசு பெற்ற 12 கதைகளைச் சேர்த்து 1971இல் 'கதைக் கனிகள்' என்று வீரகேசரி வெளியிட்டது. அந்தப் போட்டிகளில் எழுதி வெளிச்சத்துக்கு வந்தவர்களில் ஒருவர் தெளிவத்தை ஜோசப். அவருடைய 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974இல் வந்தது. 'நாமிருக்கும் நாடே' தொகுதிக்குச் சாகித்திய விருது கிடைத்தது. 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருதும் வந்தது. அவர் பேரில் பாதியே ஒரு தோட்டத்தின் பெயர், கவனித்தீர்களா?

அந்தப் போட்டிகளில் என்ன பரிசு கொடுத்தார்கள் என்று இன்று யார் பேசுகிறார்கள்? பரிசு செலவழிந்து போயிருக்கும், கதைகள் இருக்கின்றன. போட்டி செய்த நல்ல காரியங்கள் வேறு. கடைசித் திகதி ஒன்றைப் போட்டது. மலையிலிருந்து களைத்துவந்து படுக்கிறவர்களை, இந்தத் திகதிக்குள் முடிக்கவேண்டும் என்று எழுப்பி உட்கார வைத்தது அந்தத் திகதிதான். வந்த கதைகளை யாரோ ஒருவர் கவனமாகப் படித்தார். நல்லதைப் புத்தகமாக்கி வைத்தார்கள்.

இந்தக் கடைசி வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1961இல் தினகரனில் வந்த கதை. அதே பெயரில் அவருடைய தொகுதி வந்தது 1980இல். பத்தொன்பது வருடம்! பழைய பத்திரிகைகளில் சிதறிக்கிடந்த நம் கதைகளில் பலவற்றை, துரை விஸ்வநாதன் என்ற வர்த்தகர் தன் துரைவி பதிப்பகம் மூலம் 1997இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஒன்றில் 33 கதைகள், மற்றதில் 55. அப்படி ஒருவர் வராவிட்டால் அந்தத் தாள்களைச் செல்லரித்திருக்கும்.

சரி, இன்றைக்கு வருவோம். எங்கே அனுப்பலாம்?

பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தமிழ்மொழித் தினப் போட்டி இருக்கிறது. பாடசாலையில் தொடங்கி வலயம், மாகாணம் என்று தேசிய மட்டம்வரை போகும். கட்டுரை, கவிதை, சிறுகதை எல்லாம் உண்டு. இதில் எனக்கு ஒரு வருத்தம். நம் பிள்ளைகள் அந்த மேடைக்குக் கடற்கரையையும் வயல்வெளியையும் எழுதிக்கொண்டு போகிறார்கள். பார்த்திராத நெற்கதிர் தலைசாய்கிறது, பார்த்திராத அலை பாய்கிறது. பாடப்புத்தகத்தில் படித்ததுதான் இலக்கியம் என்று நினைத்துவிடுகிறார்கள். அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் தடவிக்கொண்டு மலைக்குப் போகும் அம்மாவைப் பற்றி எழுதினால் புள்ளி குறையும் என்று பயம். நானும் சில போட்டிகளில் நடுவராக இருந்திருக்கிறேன். நாற்பது தாளில் முப்பத்தைந்து ஒரே மாதிரி இருக்கும்போது, நிறுவையில் கழித்த இரண்டு கிலோவைப் பற்றி எழுதிய பிள்ளையின் தாள் தனியாகத் தெரியும்.

பாடசாலையை விட்டவர்களுக்கு முதல் வாசல் பிரதேச செயலகம். அங்கே கலாசார உத்தியோகத்தர் இருக்கிறார். பிரதேச இலக்கியப் போட்டிகளுக்கான அறிவித்தல் அங்கேதான் வரும். பெரியவர்களுக்கான திறந்த பிரிவும் இருக்கும். அறிவித்தல் தோட்டத்துக்குத் தானாக நடந்து வராது. போய்க் கேட்கவேண்டும். இளைஞர் கழகங்களில் இருப்பவர்கள் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் போட்டிகளையும் விசாரியுங்கள். பத்திரிகைகளின் வார இதழ்கள் இருக்கின்றன. ஞானம், ஜீவநதி போன்ற சஞ்சிகைகள் புதியவர்களுக்கு இடம் கொடுத்தவை. ஞானத்தின் ஆசிரியர் தி. ஞானசேகரன் தோட்ட வைத்தியராக இருந்தவர், 'குருதிமலை' நாவலை எழுதியவர். நம் சொற்களுக்கு அவருக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

புத்தகம் அளவுக்கு எழுதி வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு அச்சகத்துக்கு ஓடவேண்டாம். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு நூல் வெளியீட்டு உதவித் திட்டம் ஒன்று உண்டு. புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். இலக்கம் கொடுப்பதும் அந்தச் சபைதான். கொடகே நிறுவனம் அச்சில் வராத கையெழுத்துப் பிரதிகளுக்குப் போட்டி நடத்தியிருக்கிறது. அரச சாகித்திய விருது வெளிவந்த புத்தகங்களுக்குத்தான், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைகளும் இப்போது நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிரேஷியன் பரிசு. எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி தனக்குக் கிடைத்த புக்கர் பரிசுப் பணத்தில் 1992இல் தொடங்கி வைத்தது. இலங்கையில் வாழ்பவர்கள் அச்சில் வராத பிரதியையும் அனுப்பலாம்.

இவ்வளவு வாசல் இருந்தும் நம் ஆக்கங்கள் ஏன் போய்ச் சேர்வதில்லை? திறமை இல்லாமல் அல்ல.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை. தோட்டத்தின் பெயர் வேண்டாம். மாகாண மட்டத்தில் கவிதைக்குப் பரிசு. பரிசளிப்புக்கு வரச்சொல்லி அனுப்பிய கடிதம் விழா முடிந்து பதினொரு நாள் கழித்துக் கையில் கிடைத்தது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கே ஒரு மேசையில் கிடந்து, யாரோ ஒருவர் அந்தப் பக்கம் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்தது. பிள்ளை அழவில்லை. "பரவாயில்ல டீச்சர், நம்மளுக்கு இப்படித்தானே" என்றாள். அந்த 'இப்படித்தானே'யைக் கேட்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. லயத்துக்கு முகவரி வேண்டும், கடிதம் வீட்டு வாசலுக்கு வரவேண்டும் என்று நாம் கேட்பது வங்கிக் கடிதத்துக்கும் வேலைக் கடிதத்துக்கும் மட்டுமல்ல.

அடுத்தது பணம். இன்னொரு பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "உங்கள் கவிதை தெரிவாகியுள்ளது, வாழ்த்துகள்." கீழே, தொகுப்பில் இடம்பெறவும் சான்றிதழ், பதக்கம் பெறவும் 4,500 ரூபா. அம்மாவுக்கு அது கிட்டத்தட்ட மூன்று நாள் பேர். சீட்டுப் பணத்தில் எடுத்துக் கட்டினார். நூற்றுக்கணக்கான பெயர்கள் நெருக்கியடித்த ஒரு புத்தகம் வந்தது. அந்தப் பிள்ளையின் பெயரில் எழுத்துப் பிழை. உலக சாதனை என்று அட்டையில் போட்டிருந்தது. தெரிவானபின் பணம் கேட்டால் அது போட்டியல்ல, வியாபாரம். அம்மாமாரே, பிள்ளை வந்து காசு கேட்டால் திட்டாதீர்கள். செய்தியை வாங்கிக்கொண்டு என்னிடமோ வேறு ஓர் ஆசிரியரிடமோ காட்டுங்கள்.

விதிமுறைத் தாளைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். பல போட்டிகளுக்கு வேறெங்கும் வெளிவராத ஆக்கம்தான் வேண்டும். முகநூலில் போட்டுவிட்டாலே வெளிவந்ததாகக் கணக்கிடுகிறவர்கள் உண்டு. ஆகவே விருப்பக்குறிக்கு ஆசைப்பட்டு முதலில் அங்கே போட்டுவிடாதீர்கள். பெயரை ஆக்கத்தின் மேல் எழுதக்கூடாது, தனித்தாளில் எழுதவேண்டும் என்றிருந்தால் அப்படியே செய்யுங்கள். பெயர் தெரிந்த ஒரே காரணத்தால் ஒதுக்கப்பட்ட நல்ல கதையை நான் பார்த்திருக்கிறேன். தட்டச்சுச் செய்து கேட்டால் யுனிகோடா பாமினியா என்று பார்த்து அனுப்புங்கள். கையால் எழுதினால் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும். அனுப்பும் முன் ஒரு போட்டோக்கொப்பி, அல்லது போனில் ஒரு படம். மூலப்பிரதியை ஒருபோதும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உரிமை பற்றியும் ஒரு சொல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. எங்கும் பதியத் தேவையில்லை. உங்கள் வாழ்நாளுக்கும், அதன்பின் 70 வருடத்துக்கும் அது இருக்கும். "எல்லா உரிமையும் எமக்கே" என்று ஒரு போட்டி கேட்டால், ஒருமுறை வெளியிட அனுமதி தருவது வேறு, கதையையே எழுதிக் கொடுப்பது வேறு என்று புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினால் சங்கத்துக்கு ஓடிவருகிறோம் இல்லையா, இதுவும் அதேதான்.

"துரை பார்த்தா பிரச்சினை வராதா?" என்று கேட்கிறார்கள். புனைபெயர் வைத்துக்கொள்ளலாம், நம் எழுத்தாளர்களில் பலர் வைத்திருந்தார்கள். எனக்குத் துரையைவிட அடுத்த காம்பராவைப் பற்றித்தான் கவலை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவின் கண்ணீரை அவர் பெயரோடு எழுதி அவரை ஊர் வாயில் போட்டுவிடாதீர்கள். பெயரையும் அடையாளத்தையும் மாற்றுங்கள், உண்மை அதனால் குறையாது.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மல்லிகை சி. குமார் தலவாக்கலையில் தோட்டத் தொழிலாளியாக இருந்துகொண்டே கவிதையும் கதையும் எழுதினார், ஓவியமும் வரைந்தார். மாதர் அணியில் ஓர் அக்கா கடைக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பது எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏழாம் வகுப்போடு நின்றவர். அவர் எழுதியதில் பிழை இருக்கிறது. பிழை திருத்த நான் இருக்கிறேன். அவர் பார்த்ததை நான் எழுதமுடியாது.

சங்கத்திடம் நான் கேட்பது பெரிய தொகை அல்ல. கிளைக் காரியாலயத்தின் முகவரியைப் போட்டிகளுக்கு எழுதுகிறவர்கள் தங்கள் பெயரோடு சேர்த்துப் போட அனுமதி வேண்டும். வருகிற கடிதத்துக்கு ஒரு பதிவுப் புத்தகம், அன்றைக்கே தோட்டத் தலைவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. போட்டோக்கொப்பிக்கும் பதிவுத் தபாலுக்கும் சிறிய ஒதுக்கீடு. அறிவித்தல்களைச் சேகரிக்க ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் இளைஞர் அணியில் ஒருவர். இந்தச் செய்திமடலில் ஒவ்வோர் இதழிலும் ஒரு பக்கம். தலைவரிடம் முன்பே பேசிவிட்டேன். பக்கத்துக்குச் சரி என்றார், காசுக்குக் கமிட்டியில் கேட்கச் சொன்னார். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அடுத்த போயா தினத்தன்று காலை ஒன்பது மணிக்குச் சங்கக் காரியாலயத்தில் இருப்பேன். எழுதி வைத்திருப்பவர்கள் கொப்பியோடு வாருங்கள். கொப்பி இல்லாதவர்கள் சும்மா வாருங்கள், தாள் நான் கொண்டுவருகிறேன். தேத்தண்ணி மாதர் அணியின் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த முறையாவது அதை இளைஞர் அணி போடட்டும்.