பட்டியலில் நம் பெயர்



திருமணம் பேசி முடிந்ததும் ஞானஸ்நானச் சான்றிதழுக்காக அறைவீட்டுக்கு விரைகிறோம்; ஓர் எழுத்துப் பிழையையும் விடுவதில்லை. வாக்காளர் பட்டியலையோ தேர்தலன்று காலையில்தான் தேடுகிறோம்!

அடையாள அட்டை இருந்தால் போதுமென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். போதாது. பட்டியலில் பெயரில்லையேல் அட்டை பயன்படாது. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால், தேர்தல் ஆணையம் ஏற்கும் வேறு சான்றைக் காட்டி வாக்களிக்கலாம்.

1989 முதல் 18 வயதினருக்கு வாக்குரிமை உண்டு. ஆனால் பெயர் தானாக ஏறாது. படிவம் 6 எழுதித் தரவேண்டும். முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள். இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் உண்டு.

நமக்குக் கவலையெல்லாம் இவ்வூருக்கு வாழவந்த பெண்களைப் பற்றித்தான். பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே பெயர் கிடந்தால், வாக்களிக்கப் பேருந்து ஏற யார் அனுப்புவார்? படிவம் 8 கொடுத்தால் பெயர் இங்கே மாறிவிடும். கணவன்மாரே, எழுதிக் கொடுங்கள்.

யாருக்கு வாக்கு என்று பீடத்திலிருந்து சொல்லமாட்டோம். வேட்பாளர் சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே முறைகேடு என்கிறது.

அடுத்த வரைவுப் பட்டியல் வெளியானதும், ஞாயிறு பூசைக்குப்பின் மரியாயின் சேனையார் அதை உரக்க வாசிப்பார்கள். காது மந்தமானவர்களை முன்வரிசையில் அமர்த்துவோம்.