துப்பு கையில் இருந்தது. பத்து நாள் போதவில்லை!
உளவு இலாகாவின் முதல் இந்தியத் தலைவர் கதை

(பாலவாக்கம் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மில் வாசலில் சங்கக் கூட்டம் போட்டால், மஃப்டியில் ஒருவர் ஓரமாக நின்று குறிப்பெடுப்பார். கூலி உயர்வு கேட்டு வயலோரம் நாலு பேர் கூடினாலும் வந்து நிற்பார். அவர் மாநிலப் போலீஸ்காரர். இந்த வேலைக்கெல்லாம் மேலே, டில்லியில் ஒரு பெரிய இலாகா இருக்கிறது. இண்டலிஜென்ஸ் பீரோ என்று அதற்குப் பெயர். அதன் தலைமைப் பீடத்தில் உட்கார்ந்த முதல் இந்தியரைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

இந்த இலாகாவை 1887இல் வெள்ளைக்காரன் ஏற்படுத்தினான். சுதந்திரம் கேட்டவர்களை வேவு பார்ப்பதற்காக ஏற்படுத்தினான். 1920களிலும் 30களிலும் அதன் தலைவர்களாக இருந்த கேய், பெட்ரி, வில்லியம்சன் ஆகிய மூவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? கம்யூனிஸ்டுகளைப் பற்றியே ஆளுக்கொரு ரகசிய அறிக்கை எழுதினார்கள். அவர்களில் பெட்ரி பிறகு லண்டனில் எம்.ஐ.5 என்ற பிரிட்டிஷ் உளவுப் படைக்கே தலைவரானார். இந்தியாவில் வேவு பார்த்த கைக்கு அங்கே அவ்வளவு மதிப்பு!

1947இல் வெள்ளைக்காரன் போனான். சென்னை மாகாணப் போலீசில் வளர்ந்த டி.ஜி. சஞ்சீவி தலைவரானார். உள்துறை சர்தார் படேல் கையில் இருந்தது. சஞ்சீவிக்கு டில்லி நகரப் போலீசின் தலைமைப் பொறுப்பும் சேர்ந்தே வந்தது. அதாவது, துப்பு அறிவதும் அவர் பொறுப்பு. துப்பு கிடைத்தால் ஆளைப் பிடிப்பதும் அவர் பொறுப்பு.

பத்து நாள்

1948 ஜனவரி 20. பிர்லா மாளிகையில் காந்திஜியின் மாலைப் பிரார்த்தனைக் கூட்டம். மதிலருகே குண்டு வெடித்தது. வைத்தவன் மதன்லால் பாஹ்வா. அவனைக் காட்டிக் கொடுத்தது யார்? உளவு இலாகாவா? இல்லை! பிள்ளையைக் கூட்டிப் போக வந்த சுலோசனா தேவி என்ற சாதாரணப் பெண்.

மதன்லால் போலீசிடம் பேசினான். கூட்டாளிகளில் ஒருவன் மராத்திப் பத்திரிகை ஆசிரியன் என்றான். பத்திரிகையின் பெயரையும் சொன்னான். பூனாவில் அந்தப் பத்திரிகையை நடத்தியவர்கள் கோட்சேயும் ஆப்தேயும். பத்திரிகைப் பதிவேடு சர்க்காரிடமே இருந்தது. புரட்டிப் பார்த்திருந்தால் போதும். பூனாவுக்கு ஒரு டெலிபோன் போட்டிருந்தால் போதும்.

நடந்தது என்ன? 21ஆம் தேதி இரண்டு டில்லி அதிகாரிகள் பம்பாய் போனார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள். பூனா சி.ஐ.டி.யின் பெரிய அதிகாரி ராணா டில்லியிலேயே இருந்தார். 25ஆம் தேதிதான் வாக்குமூலம் அவர் கைக்குப் போயிற்று. அவர் ரயிலேறி, அலகாபாத் சுற்றி, 27ஆம் தேதி பம்பாய் சேர்ந்தார். அதே 27ஆம் தேதி கோட்சேயும் ஆப்தேயும் பம்பாயிலிருந்து டில்லிக்கு விமானத்தில் பறந்தார்கள்!

30ஆம் தேதி மாலை காந்திஜி சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளியை மடக்கியவர்களில் ஒருவர் பிர்லா மாளிகைத் தோட்டக்காரர் ரகு நாயக். நம்மைப் போல் மண்வெட்டி பிடித்த கை அது.

1966இல் அமைத்த கபூர் கமிஷன் 1969இல் அறிக்கை தந்தது. போலீஸ் விசாரணையில் வேகமில்லை, சஞ்சீவியின் மேற்பார்வையும் போதவில்லை என்று அது குறை கூறியது. கொலை நடந்து இருபத்தோரு ஆண்டு கழித்து! சஞ்சீவியோ 1950 வரை அந்தப் பதவியில் இருந்துவிட்டுப் போனார். அடுத்து வந்த மல்லிக் 1964 வரை, பதினான்கு ஆண்டு, அதே நாற்காலியில் இருந்தார்.

அந்த ஆண்டுகளில் சர்க்காரின் வேகம் எங்கே தெரிந்தது? 1948 மார்ச்சில் மேற்கு வங்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை. 1949இல் சென்னை மாகாணத்தில் தடை. தோழர் ஏ.கே. கோபாலன் விசாரணையின்றிச் சிறையில். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு. 22 தோழர்கள் மாண்டார்கள். கொலைச் சதியின் துப்பு ரயிலில் ஊர்ந்தது. தொழிலாளியைப் பிடிக்கும் வாரண்டு பறந்தது!

நாம் கேட்பது

தோழர்களே, ஒரு தனிமனிதரைத் தூற்றுவது நம் வேலையல்ல. அவர் போனார், வேறொருவர் வந்தார்; இலாகா அப்படியே இருக்கிறது. பிரிட்டனில் எம்.ஐ.5க்கு 1989இல் சட்டம் வந்தது. நம் நாட்டு இண்டலிஜென்ஸ் பீரோவுக்கோ, அதன் அதிகாரமும் எல்லையும் இவை என்று சொல்ல, பார்லிமெண்ட் போட்ட தனிச் சட்டம் கிடையாது. 2011இல் மணீஷ் திவாரி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்றதில் இந்த இலாகாவிடம் கேள்வி கேட்க முடியாது என்கிறது.

2008இல் பம்பாய்க்குக் கடல் வழியாகக் கொலைகாரர்கள் வந்தார்கள். அதன் பிறகு கரையோர மீனவர்களிடம், 'சந்தேகமான படகைக் கண்டால் சொல்லுங்கள்' என்கிறது சர்க்கார். பாலவாக்கம் மீனவர் சொல்வார். சுலோசனா தேவி சொல்லவில்லையா? நாட்டைக் காக்கும் கண் ஜனங்களின் கண்தான். ஆனால் சொன்ன துப்பைப் பெட்டியில் போட்டு வைத்தவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

ஆகவே, உளவு இலாகாவுக்குச் சட்டம் வேண்டும். பார்லிமெண்ட் கமிட்டி அதன் கணக்கைப் பார்க்க வேண்டும். சங்கம் வைப்பதும் கூலி கேட்பதும் உளவுக் குறிப்பில் ஏறும் குற்றமாக இருக்கக் கூடாது. இதை ஒவ்வொரு மில் வாசலிலும், ஒவ்வொரு சேரியிலும் எடுத்துச் சொல்லுங்கள். மஃப்டிக்காரர் வந்து நின்றால் நிற்கட்டும். அவரும் எழுதிக்கொள்ளட்டும்!