மாமியாருக்குத் தெரியாமல் போன பாடம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)

மைக் பிடிச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பத்தாவதோட படிப்பு நின்னு போச்சு. பேப்பர்ல எழுதி வச்சதைப் பார்த்துத்தான் பேசப் போறேன், தப்பா நினைக்காதீங்க.

செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு நான் எப்படிப் போனேன், சான்றிதழ் எப்படி வாங்கினேன்னு சொல்லச் சொல்லி ஊக்குநர் அக்கா கேட்டாங்க. அதைச் சொல்லணும்னா என் மாமியாரைப் பத்தித்தான் முதல்ல சொல்லணும்.

2016-ல அவங்களுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்து போச்சு. ஆஸ்பத்திரியில பத்து நாள் வச்சிருந்துட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் நல்லாத்தான் பார்த்துக்கிட்டேன்னு நினைச்சேன். வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தேன், துணி மாத்தினேன். காலையில படுக்க வச்சுட்டு வெங்காயம் ஆய்ஞ்சு போடப் போவேன், மதியம் வந்து பார்ப்பேன். அது வரைக்கும் மல்லாந்தே கிடப்பாங்க. மூணாவது வாரம் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்துச்சு. மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போட்டேன். அது குழியாப் போயிடுச்சு. ஏழு மாசம் அந்தப் புண்ணோடயே கிடந்து போய்ச் சேர்ந்தாங்க. ஒரு நாளும் என்னைத் திட்டினதில்லை.

அப்ப பிடிச்ச ஆசைதான் இந்த வேலை. ஆனா ஆசையை வச்சே ஒருத்தர் நம்மளை ஏமாத்த முடியும். இதை இந்தச் சபையில இன்னைக்குத்தான் சொல்றேன். 2018-ல குழுவுல உள்கடன் 25,000 ரூபாய் வாங்கினேன். மாட்டுக்குன்னு எழுதிக் கொடுத்தேன். மாடு வாங்கலை. டவுன்ல ஒரு இடத்துல 'ஒரு வருச நர்சிங், நூறு சதவீதம் வேலை'ன்னு போர்டு போட்டிருந்தான், அங்க கொண்டு போய்க் கட்டினேன். வெள்ளைக் கோட்டு கொடுத்தாங்க, போட்டோ எடுத்தாங்க, ஒரு வருசம் கழிச்சுத் தங்கக்கலர் முத்திரை போட்ட சர்டிபிகேட்டும் கொடுத்தாங்க. அதை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்கிருந்த நர்சம்மா ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. "கவுன்சில்ல பதிவு இருக்காம்மா? எந்த அரசு அங்கீகாரம்?" ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இல்லை. இருபது மாசம் வெங்காயம் ஆய்ஞ்சு அந்தக் கடனைக் கட்டினேன். மாடு எங்கன்னு கேட்டவங்களுக்கு வித்துட்டேன்னு சொன்னேன். என் குழு என்னை மன்னிக்கணும்.

அதனால உங்க வீட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒண்ணைத் தெரிஞ்சுக்கணும். நர்ஸ் வேற, உதவியாளர் வேற. நர்ஸ் ஆகணும்னா பிளஸ் டூ முடிச்சுட்டு ஏ.என்.எம். ரெண்டு வருசம், ஜி.என்.எம். மூணு வருசம், இல்லைன்னா பி.எஸ்.சி. நாலு வருசம் படிக்கணும். அப்புறம் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சில்ல பதிவு பண்ணணும். குறுக்கு வழி கிடையாது. பத்தாவது படிச்ச என்னை மாதிரி ஆளுக்கு உள்ளது ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட், சுருக்கமா ஜி.டி.ஏ. அது கௌரவமான வேலைதான். ஆனா ஊசி போடக் கூடாது, டிரிப்ஸ் ஏத்தக் கூடாது, நம்ம இஷ்டத்துக்கு மாத்திரை கொடுக்கக் கூடாது. 'நர்ஸ்னு சொல்லிக்கோ, யாரும் கேக்க மாட்டாங்க'ன்னு எவனாவது சொன்னா அந்த வாசலை விட்டு வெளியே வந்துடுங்க.

2022-ல நம்ம கூட்டமைப்புக் கூட்டத்துல டி.டி.யு.ஜி.கே.ஒய். பயிற்சிக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு சொன்னாங்க. அந்தத் திட்டத்தோட முழுப் பேரைச் சொல்ல எனக்கு இன்னும் நாக்கு சுழலாது. கிராமத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. தங்குறது, சாப்பாடு, சீருடை எல்லாம் இலவசம். வயசு 35 வரைக்கும், பொம்பளைங்களுக்கு 45 வரைக்கும்னு சொன்னாங்க. எனக்கு 33. திருச்சியில தங்கிப் படிக்கணும். "பீ மூத்திரம் அள்ளத்தானே படிப்பு"ன்னு வீட்டுக்காரர் ஒரு வாரம் பேசலை. எட்டாம் நாள், "அம்மாவுக்கு நீ அள்ளுனதானே, சம்பளம் இல்லாம"ன்னு அவரே சொல்லிட்டு என் பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் ராத்திரிச் சாப்பாடு குழுவுல முறை வச்சுக் கொடுத்தீங்க. எந்த வீட்டுக் குழம்பு நல்லா இருந்துச்சுன்னு என் மக இன்னும் பட்டியல் வச்சிருக்கா.

முதல் பாடம் கை கழுவுறது. சிரிப்பா வந்துச்சு. சோப்புப் போட்டு 40 நொடியாவது விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டுன்னு முறையாத் தேய்க்கணும். அப்புறம் நாடி பார்க்கிறது: பெரியவங்களுக்கு நிமிசத்துக்கு 60-லிருந்து 100. மூச்சு 12-லிருந்து 20. ரத்த அழுத்தம், காய்ச்சல், குடிச்ச தண்ணி, போன மூத்திரம் எல்லாம் அளந்து எழுதணும். குப்பைக்கும் கலர் உண்டு. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு, டியூப் சிவப்புக்கு, ஊசி முனை குத்தாத வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி நீலத்துக்கு.

மூணாவது வாரம் படுக்கைப் புண் பாடம். ஒரே இடத்துல எலும்பு அழுத்திக்கிட்டே இருந்தா அங்க ரத்தம் ஓடாது, தோல் செத்துப் போகும், அதுதான் புண். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், இழுக்காம விரிப்போட தூக்கணும், ஈரம் இருக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிக்கிட்டே போனாங்க. எனக்குக் காது அடைச்சுப் போச்சு. எந்திரிச்சு வெளியே போயிட்டேன். டீச்சர் வந்து என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். அவங்க ஆறுதல்னு ஒண்ணும் சொல்லலை. "உள்ள வாங்க, நாளைக்கு நீங்கதான் இதை மத்தவங்களுக்குச் செஞ்சு காட்டணும்"னாங்க. மறுநாள் காட்டினேன்.

சட்டை மாத்துறதுல கூட முறை இருக்கு தெரியுமா? போடும்போது விழுந்து போன கையில முதல்ல போடணும், கழட்டும்போது நல்ல கையில முதல்ல கழட்டணும். மாமியாருக்கு நான் எல்லாத்தையும் தலைகீழாச் செஞ்சேன். அவங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்ததுக்கு அர்த்தம் அப்பத்தான் தெரிஞ்சுது.

வகுப்பு முடிஞ்சதும் ஆஸ்பத்திரியில நேரடிப் பயிற்சி, அப்புறம் பரீட்சை. சொல்லிக் கொடுத்த டீச்சர் மார்க் போட மாட்டாங்க, வெளியிலிருந்து வேற ஆள் வருவார். எழுத்து, செய்முறை ரெண்டும் உண்டு. நோயாளியைக் கட்டில்லேருந்து வீல்சேருக்கு மாத்தச் சொன்னார். பக்கத்துல நின்ன பொண்ணு அவசரத்துல பிரேக் போடலை, வண்டி நகர்ந்து போச்சு. நான் பிரேக் போட்டுட்டு, "பாட்டி, எந்திரிக்கலாமா?"ன்னு கேட்டுட்டுத்தான் தொட்டேன். படுத்திருந்தது பொம்மைதான். ஆனாலும் கேட்டேன். தேறிட்டேன்.

இப்ப டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில ரெண்டு வருசமா இருக்கேன். முதல் சம்பளம் 9,500 ரூபாய். ராத்திரி டியூட்டி கஷ்டம், நிக்கிறதுல கால் வீங்கும், சில சொந்தக்காரங்க அதட்டுவாங்க. அதையும் தெரிஞ்சுக்கிட்டே வாங்க. நம்ம குழுக்கள்லேருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வேலைக்குப் போன தங்கச்சிகளும் இங்க இருக்காங்க. 2021-லிருந்து வீடு வீடாப் போய் சர்க்கரை, பிரஷர் பார்க்கிறவங்க. பாயோட கிடக்கிற பெரியவங்க எந்தத் தெருவுல இருக்காங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க என்கிட்ட சொல்லட்டும், லீவு நாள்ல நான் வந்து வீட்டுக்காரங்களுக்குச் சொல்லித் தர்றேன். காசு வேண்டாம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் மண்டபத்துக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில பாய் விரிச்சு வச்சிருக்கேன். நோயாளியாப் படுக்க எங்க குழு செயலாளர் அக்கா ஒத்துக்கிட்டாங்க. தூங்கிட மாட்டேன்னு சத்தியமும் பண்ணியிருக்காங்க. வீட்டுல படுத்த படுக்கையா யாராவது இருக்கிறவங்க அங்க வாங்க, ஒருத்தியாவே எப்படிப் புரட்டுறதுன்னு காட்டுறேன்.